அரிசோனாவுக்குத் திரும்பியவர்கள்

ஹவாய் என்றதும் நம்மவர்கள் கேட்பது வைகிகி கடற்கரையையும் எரிமலையையும் பற்றித்தான். என்னுடன் வந்த பெரியப்பாவுக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. இந்தியக் கடற்படையில் எஞ்சின் அறையிலேயே பணிக்காலத்தைக் கழித்து விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றவர் அவர். ஹொனலுலுவில் இறங்கிய இரவே, "முதலில் அரிசோனாவைப் பார்த்துவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது அந்தப் பெயருள்ள மாநிலத்தை அல்ல, பேர்ல் துறைமுகத்தில் மூழ்கிக் கிடக்கும் அமெரிக்கப் போர்க்கப்பலை.

பேர்ல் துறைமுகத்துக்கு நகரப் பேருந்திலேயே போகலாம். கப்பலுக்கு மேலே கட்டியிருக்கும் நினைவகத்துக்குக் கட்டணம் கிடையாது. அங்கே கொண்டுபோகும் படகில் இடம் பிடிக்க இணையத்தில் ஒரு டாலர் முன்பதிவுக் கட்டணம் மட்டும் வாங்குகிறார்கள். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுவது நல்லது. கைப்பை, தோள்பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்.

படகை ஓட்டுபவர்கள் கடற்படைச் சிப்பாய்கள். எங்கள் படகில் கயிற்றைக் கட்டிய பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. அவள் முடிச்சுப் போடுவதையே பெரியப்பா கவனித்துக்கொண்டிருந்தார். நினைவகம் வெள்ளையாக, நீளமாக, நடுவில் சற்றுத் தொய்ந்து கடல்மேல் நிற்கிறது. நீளம் 184 அடி. மூழ்கிய கப்பலுக்குக் குறுக்காக, அதன்மேல் எங்குமே படாமல் கட்டியிருக்கிறார்கள். 1962 மே 30 அன்று திறக்கப்பட்டது. வடிவமைத்த ஆல்ஃபிரெட் பிரைஸ் ஆஸ்திரியாவில் பிறந்தவர். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு எதிரி நாட்டவர் என்று அமெரிக்க அரசு இவரைப் பிடித்துக் காவலில் வைத்திருந்தது. அதே மனிதர்தான் பிற்பாடு இதை வரைந்து கொடுத்தார்.

கப்பலின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு ஜப்பானிய விமானம் ஒன்று போட்ட சுமார் 800 கிலோ எடையுள்ள குண்டு தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்க, முன்பக்க வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. ஒன்பது நிமிடங்களுக்குள் கப்பல் அடியில் அமர்ந்துவிட்டது. இறந்தவர்கள் 1,177 பேர். பிழைத்தவர்கள் 335 பேர். கப்பலின் இசைக்குழுவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அண்ணன் தம்பிகளாக ஒரே கப்பலில் வேலை பார்த்தவர்கள் ஏராளம். சில வீடுகளுக்கு இரண்டு தந்திகள் போயின. தொள்ளாயிரத்துக்கும் அதிகமானவர்களின் உடல்கள் இன்றும் கப்பலுக்குள்ளேதான் இருக்கின்றன.

நான் அதிகம் எழுத விரும்புவது அந்த 335 பேரைப் பற்றி.

நினைவகத்தின் நடுக்கூடத்தில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு மேலே துருவேறிய பெரிய இரும்பு வளையம் ஒன்று தெரியும். மூன்றாம் பீரங்கிக் கோபுரத்தின் அடித்தளம் அது. எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். அதற்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்கடியில், நான்காம் கோபுரத்தின் அடித்தளம் இருக்கிறது. அன்று கப்பலில் இருந்து உயிர் தப்பியவர்கள் பின்னாளில் இறந்தபோது, விரும்பியவர்களின் அஸ்தியை அங்கேதான் வைத்தார்கள். 1982இல் ஸ்டான்லி டெஸ்லோ என்பவருடன் தொடங்கிய வழக்கம் இது. தாக்குதலுக்கு முன்பே வேறு பணிக்கு மாறிப் போயிருந்தவர்கள் என்றால் அஸ்தியைக் கப்பல் கிடக்கும் நீரில் தூவலாம். உள்ளே வைக்கும் உரிமை அன்று காலை கப்பலில் இருந்தவர்களுக்கு மட்டுமே இருந்தது.

அப்போதெல்லாம் நினைவகத்தில் பிரார்த்தனை நடந்தது. துப்பாக்கி மரியாதை, எக்காளம், மடித்த தேசியக்கொடி எல்லாம் முடிந்ததும் கலசத்தை நீருக்குள் காத்திருந்த மூழ்குவீரர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதை ஏந்திக்கொண்டு நீந்திப்போய் அடித்தளத்தில் இருக்கும் ஒரு திறப்பின் வழியே உள்ளே விட்டார்கள். அஸ்தியைக் கடலில் கரைப்பது நமக்குப் பழகிய காரியம். நாம் கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிறோம். இவர்கள் கரையவே விடாமல் கலசத்தோடு கப்பலுக்குள் சேர்த்தார்கள், அறுபது எழுபது வருடம் வெளியூரில் வாழ்ந்துவிட்டு வந்தவனைப் பழைய கூட்டாளிகளின் பக்கத்தில் படுக்க வைப்பதுபோல.

இப்படித் திரும்பியவர்களில் கடைசியானவர் லாரன் புரூனர். 2019 டிசம்பர் 7 அன்று மாலை அவருடைய கலசம் உள்ளே போனது. அவர் நாற்பத்து நான்காவது ஆள். வழக்கமான கல்லறைகளுக்கு யாரும் வருவதில்லை, அரிசோனாவுக்கோ தினமும் மக்கள் வருகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நினைவகத்தின் கடைசி அறையில், இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த பெரிய பளிங்குச் சுவருக்கு முன்னால், தாழ்வான கற்களில் இந்த நாற்பத்து நான்கு பேரின் பெயர்கள் தனியாக இருக்கின்றன. சுவரின் உயரத்தைப் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் போய்விடுகிறவர்களே அதிகம். போகிறவர்கள் தயவுசெய்து குனிந்து பாருங்கள்.

புரூனருக்கும் டொனால்ட் ஸ்ட்ராட்டனுக்கும் இன்னொரு கதை உண்டு. இந்தப் பயணத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது அதுதான்.

வெடிப்பு நடந்தபோது இவர்கள் உட்பட ஆறு பேர் மேல்தட்டுக்கும் உயரே, விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்கும் மேடையில் சிக்கிக்கொண்டார்கள். சுற்றிலும் தீ, கீழே எரிகிற எண்ணெய். உடம்பு வெந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் வெஸ்டல் என்ற பழுதுபார்க்கும் கப்பல் கட்டப்பட்டிருந்தது. அதுவும் அடிபட்டிருந்ததால் கயிறுகளை அறுத்துக்கொண்டு விலகிவிடச் சொல்லி உத்தரவு. அந்தக் கப்பலின் மாலுமி ஜோ ஜார்ஜ் அறுக்கவில்லை. மேலே நின்றவர்களை நோக்கி ஒரு கயிற்றை வீசினார். ஏறத்தாழ எழுபது அடி தூரம். தோல் உரிந்த கைகளால் அந்தக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி ஆறு பேரும் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்த மாதமே இறந்துபோனார், மற்றவர்கள் பிழைத்தார்கள். உடம்பில் பாதிக்கும் மேல் வெந்துபோன ஸ்ட்ராட்டன், கடற்படை அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் 1944இல் மறுபடி சேர்ந்து, பசிபிக் போரில் வேறொரு கப்பலில் பணியாற்றினார்.

ஜோ ஜார்ஜுக்குப் பதக்கம் ஏதும் கிடைக்கவில்லை. உத்தரவை மீறிச் செய்த செயலுக்குப் பதக்கம் கொடுப்பதில் கடற்படைக்குத் தயக்கம் இருந்தது. அவர் 1996இல் காலமானார். ஸ்ட்ராட்டனும் புரூனரும் இதை விடவில்லை. எண்பது வயதுக்கு மேல், ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள், சாட்சி சொன்னார்கள், வாஷிங்டன் வரை போனார்கள். 2017 டிசம்பர் 7 அன்று இதே நினைவகத்தில் ஜோ ஜார்ஜின் மகளிடம் வீரதீரத்துக்கான வெண்கல நட்சத்திரப் பதக்கம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு முதியவர்களும் நேரில் இருந்து பார்த்தார்கள்.

அவர்கள் கேட்டது தங்களுக்காக அல்ல, தங்கள் கப்பலைச் சேர்ந்தவருக்காகவும் அல்ல. பக்கத்துக் கப்பல்காரர் ஒருவருக்காக, அவர் இறந்து இருபது வருடம் கழித்தும் அலைந்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பளிங்குச் சுவரைவிட உயர்ந்த நினைவுச்சின்னம் அந்த அலைச்சல்.

கூடத்தில் நிற்கும்போதே ஒரு வாடை வந்தது. கப்பல் மூழ்கியபோது தொட்டிகளில் லட்சக்கணக்கான கேலன் எரிஎண்ணெய் இருந்தது. இன்றும் நாளொன்றுக்குச் சில லிட்டர் கசிந்து மேலே வருகிறது. முதலில் கறுப்பாகப் பொட்டுப்போல ஒரு துளி. மேற்பரப்பைத் தொட்டதும் அது விரிந்து, ஊதாவும் பச்சையுமாக மின்னி, நீரோட்டத்தில் நீண்டு கலைகிறது. அது கலைவதற்குள் அடுத்தது. பெரியப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தார்.

"கொதிகலனுக்குப் போகும் எண்ணெய் இது. வீட்டுக்கு வந்து எத்தனை முறை குளித்தாலும் இந்த வாடை போகாது. உன் பெரியம்மாவைக் கேட்டுப் பார்" என்றார். சற்றுப் பொறுத்து, "எங்கள் கப்பலை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள், தெரியுமா? நாங்கள் போய் நிற்க ஓர் இடம் கிடையாது" என்றார்.

"உங்கள் ஆட்களுடன் பேச்சுவார்த்தை இருக்கிறதா, பெரியப்பா?"

"இருக்கிறது. டிசம்பர் 4, கடற்படை நாளன்று எல்லோரும் போனில் பேசிக்கொள்வோம். முன்பெல்லாம் காலையில் ஆரம்பித்தால் மதியம் வரை போகும். இப்போது காபி குடிப்பதற்குள் முடிந்துவிடுகிறது."

அரிசோனாக்காரர்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆண்டு விழாக்களுக்கு வந்தவர்கள் வருடா வருடம் குறைந்தார்கள். ஸ்ட்ராட்டன் 2020இல் போனார். கென் பாட்ஸ் 2023இல். கடைசியாக லூ கான்டர், 2024 ஏப்ரல் 1 அன்று, 102ஆம் வயதில். கான்டர் அரிசோனாவுக்குப் பிறகு விமானியாகிப் போரிட்டு, 1967இல் ஓய்வு பெற்றவர். எல்லோரும் கப்பலுக்கே திரும்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராட்டன் நெப்ராஸ்காவில் தன் சொந்த ஊர் மண்ணைத் தேர்ந்தெடுத்தார். கான்டர் கலிஃபோர்னியாவில் மனைவிக்குப் பக்கத்தில். அதிலும் குறை காண ஒன்றுமில்லை. கப்பலில் கூட இருந்தவர்களைப் போலவே குடும்பமும் காத்திருந்த கூட்டம்தானே.

மிசௌரி போர்க்கப்பலையும் அன்றே பார்த்தோம். 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட தளம் அதில் இருக்கிறது. பெரிய கப்பல், அழகாகப் பராமரிக்கிறார்கள். எஞ்சின் அறையைவிட்டு வெளியே வரப் பெரியப்பாவுக்கு மனமே இல்லை. எனக்கோ மனமெல்லாம் எதிரே தண்ணீருக்கடியில் கிடக்கும் கப்பலிலேயே இருந்தது.

மறுநாள் பஞ்ச்பவுல் போனோம். ஹொனலுலுவுக்கு மேலே, அணைந்த எரிமலையின் வாய்க்குள் அமைந்த தேசிய இடுகாடு. தரையோடு தரையாகப் பதித்த கற்கள், வரிசை வரிசையாக. சில கற்களில் பெயர் இல்லை. அடையாளம் தெரியாதவர், யு.எஸ்.எஸ். அரிசோனா, டிசம்பர் 7, 1941 என்று மட்டும் இருக்கிறது.

கப்பலின் பெயராவது அந்தக் கற்களில் ஏறியதற்குக் காரணம் இன்னொரு முதியவர். ரே எமரி என்பவர், தாக்குதலன்று ஹொனலுலு என்ற கப்பலில் இருந்தவர். முன்பு இந்தக் கற்களில் தேதி மட்டும்தான் இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு எமரி பழைய அடக்கப் பதிவேடுகளைத் தோண்டி, எந்தக் குழியில் எந்தக் கப்பல் ஆட்கள் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். அதிகாரிகள் அசையவில்லை. ஹவாய் காங்கிரஸ் உறுப்பினர் பாட்ஸி மிங்கின் உதவியோடு சட்டமாகவே கொண்டுவரச் செய்து கற்களை மாற்றினார். அதே தாக்குதலில் மூழ்கிய ஒக்லஹோமா கப்பலின் அடையாளம் தெரியாதவர்களைத் தோண்டியெடுத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்றும் விடாமல் கேட்டார். 2015இல் அந்த வேலை தொடங்கி, பெரும்பாலானவர்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. 2018 ஜூனில் எமரி ஹவாயைவிட்டுப் புறப்படும் முன், தன் கப்பல் நின்றிருந்த துறையைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். நூற்றுக்கணக்கான மாலுமிகள் வரிசையாக நின்று அவருக்குச் சல்யூட் வைத்தார்கள். இரண்டு மாதத்தில், 97 வயதில் காலமானார்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "பதிவேட்டை எடுத்து உட்கார்ந்து படிக்க ஒருவன் வேண்டியிருக்கிறது, பார்" என்றார்.

அரிசோனாவின் முறை இப்போது. பஞ்ச்பவுலில் அந்தக் கப்பலைச் சேர்ந்த குறைந்தது 85 பேர் பெயரின்றிக் கிடக்கிறார்கள். மொத்தமாகத் தோண்டியெடுத்துச் சோதிக்க வேண்டுமானால், அடையாளம் தெரியாதவர்களின் குடும்பங்களில் 60 சதவீதத்தினரின் மரபணு மாதிரியாவது கையில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க ராணுவத்தின் விதி. அரிசோனாவுக்கு அந்தக் கணக்கு 643 குடும்பங்கள். பேரன்களும் பேத்திகளும், தங்கை வழிக் கொள்ளுப்பேரன்களும் தாங்களாகவே ஒன்று சேர்ந்து, ஊர் ஊராக உறவினரைத் தேடிப்பிடித்து மாதிரி சேகரித்து, அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள்.

பஞ்ச்பவுலுக்குப் போகிறவர்கள் உச்சியிலிருந்து தெரியும் நகரக் காட்சியோடு திரும்பிவிட வேண்டாம். அரிசோனா கற்கள் எந்தப் பிரிவில் இருக்கின்றன என்று அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, நடந்து போய்ப் பாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும்; காலையிலேயே போய்விடுவது நல்லது.