மழை கொடுத்த தங்கம்

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் கிரிக்கெட் இறுதிப் போட்டி. ஆப்கானிஸ்தான் 18.2 ஓவரில் 112க்கு 5 விக்கெட். அப்புறம் மழை, ஆட்டம் அவ்வளவுதான். தரவரிசையில் மேலே இருந்ததால் தங்கம் இந்தியாவுக்கு. ருதுராஜ் அணி ஒரு பந்துகூட பேட் பிடிக்கவில்லை! விதி அப்படித்தான், சரி. ஆனாலும் ஆப்கானிஸ்தான்காரர்களை நினைத்தால் இன்றும் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

அந்தத் தொடரில் என் மனதில் நிற்பது இறுதிப் போட்டியே இல்லை. மங்கோலியாவுக்கு எதிராக நேபாளம் அடித்த 314தான். ஆண்கள் சர்வதேச டி20யில் முதல்முறையாக ஓர் அணி 300ஐத் தாண்டியது. தீபேந்திர சிங் ஐரி 9 பந்தில் அரைசதம்! 2007இல் யுவராஜ் 12 பந்தில் அடித்த சாதனை 16 வருஷம் கழித்து உடைந்தது. குஷல் மல்லாவுக்கு 34 பந்தில் சதம். பதிலுக்கு மங்கோலியா 41 ரன்னில் சுருண்டது. எதிரணி சின்னதுதானே என்று முகம் சுளிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: வலைப்பயிற்சியிலாவது 9 பந்தில் 50 அடித்துக் காட்டுவீர்களா?

அதே நேபாளத்துக்கு எதிரான காலிறுதியில்தான் நம்ம தமிழ்நாட்டுச் சுழற்பந்து வீச்சாளர் சாய் கிஷோர் இந்திய அணியில் அறிமுகமானார். தேசிய கீதம் ஒலித்தபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்து அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக 12 ரன்னுக்கு 3 விக்கெட்.