நாலு மணி வெந்நீர்

எங்கள் லாட்ஜில் தங்கிப் போனவர் கூகுளில் எழுதிய விமர்சனம்: வங்காள எழுத்தில் ஒரே ஒரு வரி, கூடவே ஐந்து நட்சத்திரம். கூகுள் அதைத் தமிழில் "பயன்பாடு மிக நன்று" என்று காட்டியது. விமர்சனங்களைப் பிரித்து வைக்கும் என் பட்டியலில் நான் அதை 'அறை வசதி' என்ற பத்தியில் போட்டேன். அதே மாதிரி வந்த வரிகளையெல்லாம் பல நாள் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன். எங்களிடம் இரவு ஷிப்ட் பார்க்கும், மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத் தம்பி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சாமானப் பத்தி இல்ல. நாம எப்படி நடந்துக்குறோம்னு சொல்றாங்க" என்றான். வங்காளத்தில் 'பேபொஹார்' என்றால் ஒன்றைப் பயன்படுத்துவதும் அதுதான், மனிதரிடம் நடந்துகொள்ளும் விதமும் அதுதான். இந்தியில் 'வியவஹார்'. நம் 'விவகாரம்' அதே வடசொல்லிலிருந்து வந்து, இங்கே வம்பு வழக்கு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டது. முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "விவகாரமா? யார்கூடமா?" என்றுதான்.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்கு எங்கள் லாட்ஜ் எப்படிப்பட்டது என்று சொல்லவே வேண்டாம். கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளமும் இந்தியும் இருக்கும். மளிகைக் கடையில் கடுகெண்ணெய் கிடைக்கும். ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்கண்ட், பீகார், அசாம், திரிபுரா, எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். காட்பாடியில் ரயில் விட்டு இறங்கி நேராக எங்களிடம் வருகிறவர்கள், ஒரு வாரம் என்று சொல்லி ஒன்றரை மாதம் தங்குவார்கள். அடுப்பு, குக்கர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒரு ராத்திரியோடு சரி.

எங்கள் மதிப்பெண் நாலுக்குக் கீழே இறங்கியதில்தான் இந்த வேலை ஆரம்பித்தது. மேப்பில் நாலுக்கு மேல் உள்ளதை மட்டும் காட்டு என்று கேட்டால் நம் பெயரே வராது. 2022இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தபிறகு நோயாளிகளில் ஒரு பகுதி அந்தப் பக்கம் போகிறார்கள் என்ற கவலை முதலாளிக்கு ஏற்கெனவே இருந்தது. விமர்சனங்களையெல்லாம் படித்து என்ன குறை என்று சொல்லும்படி என்னிடம் கொடுத்தார்.

எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றினேன். ரெடிமேடாகக் கிடைக்கும் ஒரு புரோகிராமில் போட்டு நல்லது, கெட்டது, நடுவாந்திரம் என்று பிரித்தேன். இடம், சுத்தம், ஊழியர், விலை என்று நாலு கலரில் படமும் போட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "இதெல்லாம் எனக்கே தெரியுமேமா. நாளைக்குக் காலையில இன்னா பண்ணணும், அதச் சொல்லு" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு குழாயைக்கூட மாற்ற முடியாது.

அதன்பிறகுதான் மூலத்தைப் படிக்க உட்கார்ந்தோம், நானும் தம்பியும், இரவு பத்து மணிக்கு மேல், கவுண்டரில் கூட்டம் ஓய்ந்தபிறகு. அவன் படிப்பான், நான் எழுதுவேன்.

கூகுள் மொழிபெயர்ப்பில் வங்காளமும் தமிழும் ஒன்றாக 2011இல் சேர்ந்தன. அசாமி, போஜ்புரி, மைதிலி, மிசோவெல்லாம் சேர 2022 ஆயிற்று. அந்த மொழிக்காரர்கள் அதற்கு முன்பும் எங்களிடம் தங்கினார்கள், எழுதினார்கள். அசாமியை வங்காளம் என்றே எங்கள் புரோகிராம் எடுத்துக்கொண்டது. எழுத்து ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வங்காள 'ர'வுக்குக் கீழே புள்ளி இருக்கும், அசாமிய 'ர'வில் அதற்குப் பதில் ஒரு சாய்கோடு. அந்தக் கோட்டைப் பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். வங்காளத்தையே ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களிடம் இன்னும் கஷ்டம். 'மாச்' என்றால் மீன், 'மாச்சி' என்றால் ஈ. சமையலறையில் ஈ மொய்க்கிறது என்று சொன்னவரை, மீன் கிடைக்கிறது என்று பாராட்டியவராகக் கணக்கில் வைத்திருந்தேன். 'தாதா' என்று வரும் இடமெல்லாம் ரிசப்ஷன்காரரை அண்ணா என்று கூப்பிடுகிறார்கள்.

தண்ணீரை 'ஜொல்' என்பவர்கள் மேற்கு வங்காளம், 'பானி' என்பவர்கள் வங்கதேசம் என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டு பிரித்தேன். தம்பி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, எங்க வீட்டுலயும் பானிதான். நான் இந்தியாக்காரன்தானே." மேற்கு வங்காள முஸ்லிம்கள் வீட்டிலும் அதே சொல்தான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பத்தியை முழுதாக அழித்தேன். ஒருவர் எந்த ஊர் என்பதை அவர் சொன்னாலொழிய நானாக எழுதக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஃபினாயில் கதையைச் சொல்லியாக வேண்டும். 'கந்தோ', அதாவது வாசனை, என்ற சொல் நிறைய வந்தது. வாசனையைப் பற்றிக் குறை சொன்னால் சுத்தம் இல்லை என்றுதான் புரோகிராம் கணக்கெடுக்கும். நானும் அப்படியே அறிக்கை கொடுத்தேன். முதலாளி ஃபினாயிலை இரண்டு மடங்காக ஊற்றச் சொன்னார். அடுத்த மாதம் குறை கூடியது. மறுபடி ஃபினாயில் கூடியது. மூலத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் குறை சொன்னதே ஃபினாயில் வாசனையை. கீமோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் காட்டமான வாசனை எதுவும் ஆகாது, குமட்டிக்கொண்டு வரும். ஒரு மகன் எழுதியிருந்தார், அம்மா அறைக்குள் வர மறுத்து வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார் என்று. அந்த வரியை நான் 'சுத்தம், குறை' என்று இரண்டு வார்த்தையில் முடித்திருந்தேன். அறை கூட்டும் அக்காவிடம் கேட்டேன். "எனுக்குத் தெரியும்மா. அந்த ரூமம்மா நான் பக்கெட்ட எடுத்தாலே மூக்கப் பொத்திக்குவாங்க. ஆனா ஊத்தச் சொன்னீங்களே" என்றார். அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று மாதம் மிச்சம். இப்போது அந்த அறைகளுக்கு வெறும் சோப்புத் தண்ணீர்தான். துடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம்.

வெந்நீரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. இந்தியிலும் வங்காளத்திலும் திரும்பத் திரும்ப ஒரே செய்தி: ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு விடியுமுன்னே கிளம்ப வேண்டும், லாட்ஜில் வெந்நீர் ஆறு மணிக்குத்தான். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பச்சைத் தண்ணீரில் துடைத்துக் கூட்டிப் போனேன் என்று ஒருவர். வேலூர் வெயில் ஊர்தான், ஆனால் மார்கழி விடியற்காலையில் பச்சைத் தண்ணீர் உடம்பில் பட்டால் நோயாளி தாங்குவாரா? பாய்லரை நாலு மணிக்கே போட வேண்டும் என்றேன். "கரண்டு பில்ல யாருமா கட்டறது?" என்றார் முதலாளி. பதிலுக்கு நான் படம் எதுவும் காட்டவில்லை. அந்த வரிகளைத் தமிழில் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஏழாவதோ எட்டாவதோ வாசிக்கும்போது வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து மூன்றரைக்கே சுவிட்சைப் போடச் சொன்னார்.

நட்சத்திரத்தை மட்டும் நான் இன்றும் முழுதாக நம்புவதில்லை. டாக்டர் நல்ல சேதி சொன்ன அன்று எழுதுகிறவர் கரப்பான்பூச்சியையும் மன்னித்து ஐந்து கொடுக்கிறார். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நாங்கள் விவரம் பதிய வேண்டும். களைத்து வந்து இறங்கியவர் பாஸ்போர்ட்டும் கையுமாகக் கவுண்டரில் நிற்க நேர்ந்தால் ஒன்று கொடுக்கிறார். இரண்டையும் கூட்டி வகுத்து வரும் எண் எங்கள் கட்டடத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

போன மழைக்காலத்தில் ஒன்று வந்தது. ஒரு நட்சத்திரம். 'பாபா ஆர் நேய்' என்று மட்டும். அப்பா இனி இல்லை. லாட்ஜைப் பற்றி ஒரு சொல் கிடையாது, நீக்கச் சொல்லிப் புகார் கொடுக்கலாம் என்றார்கள். நான் கொடுக்கவில்லை, எந்தப் பத்தியிலும் போடவுமில்லை. பதில் எழுதும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டேன். அவன் பதிவேட்டைப் புரட்டி, இரண்டாம் மாடியில் முப்பத்தொரு நாள் இருந்தவர்கள் என்று கண்டுபிடித்தான். அந்தப் பெரியவர் சாயந்திரத்தில் கவுண்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவனோடு ஊர்ப் பேச்சு பேசுவாராம். அதையே வங்காளத்தில் மூன்று வரியாக எழுதினான். எழுதி முடிக்க மணி இரண்டாகிவிட்டது.