வலித்தது மார்பில், பழுது முதுகில்

சென்ற மழைக்காலத்தில் கோத்தகிரிக்குக் கீழே உள்ள எங்கள் தோட்டத்தில் ஆள் கிடைக்காமல், பத்து நாள் நானே கத்தரி பிடித்துத் தேயிலைக் கொழுந்து வெட்டினேன். பதினோராம் நாள் காலையில் மூச்சை இழுத்தபோது இடது மார்பில் சுருக்கென்று குத்தியது. வாயுப் பிடிப்புதான் என்று பக்கத்து வீட்டு அத்தை ஓமத்தண்ணீர் கொடுத்தார். எனக்கோ மாரடைப்பு என்ற பயம். இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் இதயத்தில் குறையில்லை என்று காட்டிய பிறகே மருத்துவர் என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த இளைஞர் குப்புறப் படுக்கச் சொல்லி, தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தியதும், அதே வலி முன்மார்பில் எழுந்தது. "இதே வலிதானே அக்கா?" என்றார்.

மேல்முதுகைப்போல மூட்டுகள் நெருங்கிய இடம் உடலில் குறைவு. முதுகுத்தண்டில் மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளும் ஒன்றோடொன்று இருபுறமும் சிறு மூட்டுகளால் இணைகின்றன. அவற்றோடு விலா எலும்புகளும், பெரும்பாலும் முள்ளெலும்பின் தடித்த முன்பகுதியில் ஒன்று, பக்கவாட்டு நீட்சியில் ஒன்று என இரண்டிரண்டு மூட்டுகளில் வந்து பொருந்துகின்றன. விலா மூட்டுகளுக்கு ஓய்வே கிடையாது, ஒவ்வொரு மூச்சுக்கும் அவை அசைந்தாக வேண்டும். இவற்றிலிருந்து புறப்படும் வலிச் செய்தியும் மார்புச் சுவரிலிருந்து வரும் செய்தியும் தண்டுவடத்தில் ஒரே நரம்பணுக்களில் சென்று கலப்பதால், மூளை இடத்தைத் தவறாகக் கணிக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1930களின் இறுதியில் லண்டனில் கெல்கிரன் என்ற மருத்துவர், முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்களில் உப்புநீரை ஊசியால் செலுத்தி, வலி எங்கெங்கே பரவுகிறது என்று படமே வரைந்தார்.

இதயத்தின் வலி நரம்புகளும் தண்டுவடத்தின் இதே மேல்மார்புப் பகுதிக்குத்தான் வருகின்றன. ஆகவே அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயம் நலம் என்று முடிவுகட்ட முடியாது. இ.சி.ஜி.க்குப் பிறகே முதுகைத் தொட்ட முறை சரியானது என்று இப்போது புரிகிறது. அன்று அந்தப் பரிசோதனைகளை வீண் செலவு என்று முணுமுணுத்தேன்.

வெட்டிய கொழுந்து விழும்படி கத்தரியோடு பொருத்திய பெட்டி நிறைந்ததும், அதை எப்போதும் ஒரே தோள்மேல் திருகிக் கவிழ்த்து முதுகுச் சாக்கில் கொட்டியதுதான் என் விலா மூட்டுகளை எரிச்சலுறச் செய்திருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் கையால் மூட்டுகளைத் தளர்த்தி, சுருட்டிய துண்டின்மேல் மல்லாந்து படுத்து மூச்சுப் பயிற்சி செய்தேன். வலி முதுகைவிட்டுப் போகுமுன்பே மார்பைவிட்டுப் போயிற்று.