வலியின் நேரம் பார்த்துப் போட்ட டைம்டேபிள்

குரூப் 4க்குப் படிக்கிறேன் என்றதும் எல்லோரும் சொல்வது, "காலை நாலு மணிக்கு எழுந்து படி". அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு மூட்டு அழற்சி நோய் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஒத்துவராது. இந்த நோயில் அசையாமல் கிடந்தால்தான் முதுகும் இடுப்பும் இறுகும், நடமாடினால் தளரும். ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்த உடம்பு விடியற்காலையில் கட்டையாக இருக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து கணக்கு போட்டால் கணக்கும் ஏறாது, வலியும் கூடும்.

அதனால் என் டைம்டேபிளை வலி எப்போது கூடுகிறது, எப்போது தணிகிறது என்று பார்த்துப் போட்டேன். காலையில் மொட்டை மாடியில் மெதுவாக நடை, காதில் நானே போனில் பேசிப் பதிவு செய்த தமிழ்ப் பாடம். குறள், இலக்கணக் குறிப்பு, நூலும் ஆசிரியரும் எல்லாமே கேட்டே மனதில் நிற்கும். தமிழ்ப் பகுதியில் 100 கேள்விக்கு 150 மதிப்பெண். அதில் 60 வாங்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆக, நடக்கும் நேரம் வீண் இல்லை.

குளித்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டு, உடம்பு இளகிய பிறகு கிடைப்பதுதான் நல்ல நேரம். அதைக் கணக்குக்கு மட்டும் வைத்தேன். வட்டி, சதவீதம், வேலையும் நேரமும் என்று 25 கேள்விகள். தெளிந்த தலை இல்லாமல் போட முடியாது. வரலாறு, அரசியலமைப்பு எல்லாம் நின்றுகொண்டே. சமையல் மேடை உயரம் அதற்குச் சரியாக இருந்தது. வேலூர் சித்திரை வெயிலில் மத்தியானம் நான் எதையும் திணிக்கவில்லை.

வலி அதிகமான நாளில் பழைய வினாத்தாளைப் படுத்தபடி புரட்டினால் போதும். அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அது சோம்பல் இல்லை. வீட்டில் இருப்பவர்களிடமும் இதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நம்ம ஊர் சிஎம்சியில் மருத்துவர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்தன. உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது என்பதால் தொழுநோயாளிகளின் கைகளுக்கான அறுவை சிகிச்சையை எடுத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தே செய்தார். வலியைப் பொறுத்துக்கொள் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் நினைவுதான் வரும். தன் உடம்புக்குத் தோதாக வேலையைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

தேர்வு மூன்று மணி நேரம், 200 கேள்வி. அவ்வளவு நேரம் உட்காரவும் பழக வேண்டும். அரை மணியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். மாதிரித் தேர்வை மர பெஞ்சில் எழுதிப் பாருங்கள், மெத்தை நாற்காலி தேர்வு அறையில் கிடைக்காது. விடையைக் கேள்விக்குக் கேள்வி ஓஎம்ஆர் விடைத்தாளில் நிரப்பிவிடுங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பும்போது விரல் மரத்தால் கஷ்டம்.

இன்னொன்று, சான்றிதழ். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால் அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. எழுதச் சிரமம் உள்ளவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளரும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் தர வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டுதல்கள். 40க்குக் கீழே இருந்தாலும், எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் உதவியாளரை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் 2021இல் சொல்லியிருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு மருத்துவச் சான்றுக்கு அலைந்தால் நேரம் போதாது. இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு, உங்களுக்கு வேண்டியதை விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.