கிப்ஸுக்கு அந்தப் பன்னிரண்டாவது இடம் சரிதானா?

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இல், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த மறுநாள் காலையிலேயே எல்லா அணிகளுக்கும் மதிப்பெண் வந்துவிடுகிறது. இவர்களுக்கு ஏ, அவர்களுக்கு சி மைனஸ். தேர்வான பையன்கள் புது அணியோடு ஒரு பயிற்சிக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள். 2012-இல் சியாட்டில் சீஹாக்ஸ் அணிக்குப் பலரும் மிக மோசமான மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த டிராஃப்டில் இரண்டாவது ரவுண்டில் அவர்கள் எடுத்தவர் பாபி வாக்னர், மூன்றாவது ரவுண்டில் எடுத்தவர் ரஸ்ஸல் வில்சன். அதற்கு அடுத்த சீசனிலேயே டென்வரை 43-8 என்று அடித்து லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றார்கள்.

நான் டெட்ராய்ட் லயன்ஸ் ரசிகன். என் மனைவியின் தம்பி சிகாகோவில் இருக்கிறான், பேர்ஸ் ரசிகன். இரண்டும் ஒரே பிரிவில் மோதும் அணிகள் என்பதால் போனில் பேச ஆரம்பித்தால் குடும்ப நலம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், மிச்சமெல்லாம் ஃபுட்பால்தான். எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு ஒன்று உண்டு. 2023 டிராஃப்டில் லயன்ஸ் 12-ஆவது பிக்கில் ஜமிர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது சரியா?

என்.எஃப்.எல். அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. 32 அணிகள், ஏழு ரவுண்டு. போன சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் தேர்வு செய்யும், கோப்பை வென்ற அணி கடைசியில். ஓர் அணிக்கு வரும் ஒரு முறைதான் பிக். தன் பிக்கை இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளலாம். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களில் யார் யாருக்கு என்பது இப்படித்தான் முடிவாகிறது.

மச்சினனின் வாதத்தை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். "அத்தான், கிப்ஸ் நல்லா ஆடறார், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரன்னிங் பேக்கை யாராவது பன்னிரண்டாவது இடத்துல எடுப்பாங்களா?" ரன்னிங் பேக் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடி அடிவாங்குகிறவர். ஆட்ட ஆயுள் குறைவு. மூன்றாவது, நான்காவது ரவுண்டிலும் நல்லவர்கள் கிடைப்பார்கள். அப்புறம் காசு. 2010-இல் முதல் பிக்காக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம். மறு வருடம் விதி மாறியது, முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 22 மில்லியன்தான். அன்றிலிருந்து பிக் எத்தனையாவது என்பதை வைத்துத்தான் சம்பளம், ஆடும் இடத்தை வைத்து அல்ல. வெளிச்சந்தையில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கோ, எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் எட்ஜ் ஆட்டக்காரரோ வாங்கும் தொகையோடு ஒப்பிட்டால் ரன்னிங் பேக் வாங்குவது மிகக் குறைவு. ஆக, அதே 12-ஆவது பிக்கில் எட்ஜ் ஆட்டக்காரர் ஒருவர் தேறினால் அணிக்கு மிச்சமாகும் பணம் பெரிது, ரன்னிங் பேக் தேறினால் மிச்சமாவது சிறிது. இந்தக் கணக்கில் ஓட்டை இல்லை.

கிப்ஸ் 2024-இல் 20 டச்டவுன் அடித்தார், அதனால் நீ தோற்றாய் என்று நான் அவனிடம் சொல்வதில்லை. அது பதிலாகாது. ஆட்டக்காரர் நன்றாக ஆடினார் என்பது ஒன்று, அந்த இடத்தில் அவரை எடுத்தது நல்ல முடிவு என்பது வேறொன்று. ரசிகர்களில் பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். மூன்று வருடம் கழித்து ஆட்டக்காரரின் புள்ளிவிவரத்தைப் பார்த்துவிட்டு, யாரை எடுப்பது என்று முடிவு செய்யும் ஜெனரல் மேனேஜர் மேதை அல்லது முட்டாள் என்று முடித்துவிடுகிறார்கள்.

என் பதில் 12-இல் தொடங்குவதில்லை, 6-இல் தொடங்குகிறது. 2021-இல் தங்கள் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தபோது லயன்ஸுக்கு வந்தவற்றில் ஒன்று ராம்ஸின் 2023 முதல் ரவுண்டு பிக். ராம்ஸ் 2022-இல் சரிந்ததால் அது ஆறாவது பிக்காக வந்து விழுந்தது. லயன்ஸ் அந்த 6-ஐயும் தங்கள் 81-ஐயும் அரிசோனாவுக்குக் கொடுத்து 12, 34, 168 ஆகிய மூன்றையும் வாங்கினார்கள். அந்த 34-இல் எடுத்தவர் சாம் லபோர்ட்டா, டைட் எண்டு, அதாவது எதிரணியைத் தடுப்பதோடு பந்தையும் பிடிக்கும் ஆட்டக்காரர். முதல் வருடத்திலேயே 86 கேட்ச், அறிமுக வருட டைட் எண்டுகளில் அதுவரை யாரும் தொடாத எண்ணிக்கை. அரிசோனா 6-இல் பாரிஸ் ஜான்சனை எடுத்தது, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டாக்கிள் அவர், அவரும் நல்ல ஆட்டக்காரர். அப்படியானால் கேள்வியே மாறுகிறது. கிப்ஸ் 12-க்குத் தகுந்தவரா என்று தனியாகக் கேட்கக் கூடாது. ஆறாவது பிக்கை இரண்டாகப் பிரித்து கிப்ஸையும் லபோர்ட்டாவையும் கொண்டுவந்தது நல்ல வியாபாரமா என்று கேட்க வேண்டும். நல்ல வியாபாரம் என்றுதான் நான் சொல்வேன், ரன்னிங் பேக் கணக்கு அப்படியே நின்றாலும்.

அடுத்தது, யாரோடு ஒப்பிடுவது. மச்சினன் எப்போதும் கிறிஸ்டியன் கொன்சாலஸ் பெயரை எடுப்பான். நியூ இங்கிலாந்து 17-இல் எடுத்த கார்னர்பேக், அதாவது எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவரை மறிக்கும் தற்காப்பு ஆட்டக்காரர், இன்று அந்த இடத்தில் ஆடுபவர்களில் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். "அவரை விட்டுட்டீங்களே" என்பான். ஆனால் கொன்சாலஸுக்குச் சரியாக ஒரு பிக் முன்னால், 16-இல், வாஷிங்டன் ஒரு கார்னர்பேக்கை எடுத்தது. இமானுவேல் ஃபோர்ப்ஸ். இரண்டாவது சீசன் முடிவதற்குள் அவரை அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். 12-இல் கார்னர் எடுத்திருந்தால் லயன்ஸுக்குக் கொன்சாலஸ்தான் கிடைத்திருப்பார் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? பின்னால் வந்த பட்டியலில் மிகச் சிறந்த பெயரைப் பொறுக்கி எடுத்து ஒப்பிட்டால் உலகத்தில் எந்த பிக்கும் தேறாது. நான் செய்வது இது. எடுத்தவருக்குப் பின்னால் வந்த பத்துப் பெயரை வரிசையாக எழுதுவேன். 13-இலிருந்து பார்த்தால் வான் நெஸ், பிராடரிக் ஜோன்ஸ், வில் மெக்டொனால்டு, ஃபோர்ப்ஸ், கொன்சாலஸ், லயன்ஸே 18-இல் எடுத்த ஜாக் கேம்பல், கேன்ஸி, ஸ்மித்-இஞ்சிக்பா, குவென்டின் ஜான்ஸ்டன், ஜே ஃபிளவர்ஸ். இதில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைத் தொட்டால் கிப்ஸைவிட நல்லவர் அகப்படுவாரா? அகப்படலாம், ஆனால் வாய்ப்பு குறைவு.

இது என் மனக்கணக்கு மட்டும் இல்லை. கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் டிராஃப்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தேலர் பிறகு பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்றவர். ஓர் ஆட்டக்காரர், அவருக்கு அடுத்து அதே இடத்தில் ஆடுபவராக எடுக்கப்பட்டவரைவிட நன்றாக வருவதற்கான வாய்ப்பு 52 சதவீதம் அளவில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடும் அத்தனை சாரணர்கள் (ஸ்கவுட்), அத்தனை வீடியோ, அத்தனை நேர்காணல் எல்லாம் முடிந்த பிறகும் இவ்வளவுதான் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் மேட் மில்லனைப் பற்றிப் பேச வேண்டும். என் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், அப்பா காலத்திலிருந்தே லயன்ஸ் குடும்பம். மில்லன் என்ற பெயரைக் கேட்டாலே அவர் முகம் மாறிவிடும். 2001 முதல் 2008 சீசன் நடுவில் நீக்கப்படும் வரை அணியை நடத்தியவர் மில்லன். அந்த 2008-இல் லயன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்றது. 2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று வருடம் முதல் ரவுண்டில் ரிசீவரையே, அதாவது எறியும் பந்தைப் பிடிப்பவரையே எடுத்தார். ஊரே அந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் திட்டுகிறது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. 2003-இல் இரண்டாவது பிக்கில் சார்லஸ் ரோஜர்ஸ். மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடிய உள்ளூர்ப் பையன், அந்த வருட டிராஃப்டின் உச்சத்தில் எல்லோரும் வைத்திருந்த பெயர்களில் ஒன்று. முதல் சீசனில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. இரண்டாவது சீசனின் முதல் ஆட்டத்திலேயே மறுபடியும் முறிந்தது. அதன் பிறகு அவர் வாழ்க்கையே திசை மாறிப்போனது, 2019-இல் இறந்துவிட்டார். அவருக்கு அடுத்த பிக் ஆண்ட்ரே ஜான்சன், ஹூஸ்டனுக்குப் போய், தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் வரை சென்றார். இன்று அந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் அன்று கையில் இருந்த தகவலை வைத்து ரோஜர்ஸை எடுத்ததை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

2005 வேறு. அதற்கு முந்தைய வருடம் ஏழாவது பிக்கில் எடுத்த ராய் வில்லியம்ஸ் அணியில் இருக்கிறார், ரோஜர்ஸும் இருக்கிறார். தற்காப்பில் ஆள் தேவை. மில்லன் பத்தாவது பிக்கில் மைக் வில்லியம்ஸை எடுக்கிறார். மைக் வில்லியம்ஸ் 2004-இல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சீக்கிரமே டிராஃப்டுக்கு வர முயன்று, நீதிமன்றத் தீர்ப்பால் அந்தக் கதவு மூடி, கல்லூரி அணிக்கும் திரும்ப முடியாமல் ஒரு வருடம் முழுக்க வெளியே இருந்தவர். அடுத்த பிக்கில் டாலஸ் எடுத்தது டெமார்கஸ் வேர். அவரும் ஹால் ஆஃப் ஃபேம். இங்கே நான் வேர் பெயரைச் சொல்லித் திட்டவில்லை. வேர் ஒன்றுமில்லாமல் போயிருந்தாலும் மைக் வில்லியம்ஸ் பிக் தவறுதான். தேவையில்லாத இடத்துக்கு, ஒரு வருடம் ஆடாத ஆளை, முதல் பத்துக்குள் எடுத்தது. முடிவைப் பார்த்தால் ரோஜர்ஸும் தோல்வி, மைக் வில்லியம்ஸும் தோல்வி. எடுத்த விதத்தில் இரண்டுக்கும் எத்தனை தூரம்! பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "நீ அந்த வருடங்களில் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு பொறுமையாகப் பேச மாட்டாய்" என்றார். அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் ரோஜர்ஸ் மீது அந்தக் கோபத்தைச் சுமத்துவது அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

எப்போது தீர்ப்பு சொல்வது என்பது இன்னொரு சண்டை. 2022-இல் லயன்ஸ் எடுத்த இருவரைப் பாருங்கள். 12-ஆவது பிக் ஜேமிசன் வில்லியம்ஸ், முழங்காலில் தசைநார் அறுந்த நிலையில் வந்தவர். முதல் வருடம் பெரும்பாலும் வெளியே, இரண்டாம் வருடம் சூதாட்ட விதியை மீறியதால் தடை. அப்போது இங்கே எல்லோரும் பஸ்ட், அதாவது வீணாய்ப்போன தேர்வு என்று முத்திரை குத்தினார்கள். மூன்றாவது வருடம் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார். அதே 2022-இல் ஆறாவது ரவுண்டில் ஜேம்ஸ் ஹூஸ்டன். ஏழே ஆட்டத்தில் எட்டு சாக், அதாவது பந்தை எறியும் முன்பே எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியது எட்டு முறை. டிராஃப்டின் மிகப் பெரிய கொள்ளை இதுதான் என்று கொண்டாடினோம். மறு வருடம் கணுக்கால் முறிந்தது, 2024 சீசன் நடுவிலேயே அணியில் இல்லை. முதல் வருடத்தில் தீர்ப்பு எழுதியிருந்தால் இரண்டும் தலைகீழாக இருந்திருக்கும். மூன்று சீசன் முடியாமல் நான் எந்தப் பெயருக்கு நேராகவும் எதையும் எழுதுவதில்லை.

புகழ்வதிலும் அளவு வேண்டும். லயன்ஸின் ரிசீவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன் 2021-இல் 112-ஆவது பிக். அவருக்கு முன்னால் 16 ரிசீவர்கள் போனார்கள், அத்தனை பெயரையும் அவர் மனப்பாடமாகச் சொல்வார். லயன்ஸ் ஜெனரல் மேனேஜர் பிராட் ஹோம்ஸ் கண்டெடுத்த முத்து என்கிறோம். சரி. ஆனால் அதே லயன்ஸ் அந்த டிராஃப்டில் அவரை விட்டுவிட்டு வேறு நான்கு பேரை முதலில் எடுத்தது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஆவார் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் 41-இலேயே எடுத்திருப்பார்கள். நல்ல பிக்தான், பாராட்டு உண்டு. எல்லாம் தெரிந்து செய்தது என்று மட்டும் சொல்லக் கூடாது.

மச்சினனின் அணிக்கும் இதே அளவுகோல்தான். 2017-இல் பேர்ஸ் மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு ஏற, கூடுதல் பிக்குகளைக் கொடுத்து மிட்செல் ட்ரபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. பிறகு பெரிய நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பத்தாவதாகப் போனார். மஹோம்ஸை விட்டதற்காக நான் பேர்ஸைக் குறை சொல்வதில்லை, அவரை விட்ட அணிகள் நிறைய. ஒரே ஒரு இடம் ஏற அத்தனை கொடுத்ததுதான் குறை. அதை அவனும் ஒப்புக்கொள்கிறான்.

லயன்ஸ் மேல் எனக்கு உள்ள உண்மையான குறை கிப்ஸ் அல்ல. எங்கள் முக்கிய எட்ஜ் ஆட்டக்காரர் எய்டன் ஹட்சின்சனுக்கு எதிர்ப்புறம் ஆட ஒரு நல்ல எட்ஜ் ஆட்டக்காரரை இவர்கள் தேடிய விதம்தான். 2022-இல் 46-இல் எடுத்த ஜோஷ் பாஸ்கலுக்குக் காயம் விடவில்லை, எதிரணி குவார்ட்டர்பேக்கை அவர் பெரிதாக அலைக்கழிக்கவும் இல்லை. 2023-இல் முதல் மூன்று ரவுண்டில் அந்த இடத்துக்கு ஒருவரையும் எடுக்கவில்லை. 2024-இல் முதல் இரண்டு பிக்கும் கார்னர்பேக்குகள். அந்த அக்டோபரில் டாலஸில் ஹட்சின்சனின் கால் முறிந்தது. நவம்பரில் அவசரமாக கிளீவ்லேண்டிலிருந்து ஸாடேரியஸ் ஸ்மித் என்ற எட்ஜ் ஆட்டக்காரரை வாங்கினார்கள். 15 வெற்றி, 2 தோல்வி என்று முடித்த சீசன், ஜனவரியில் சொந்த அரங்கத்தில் வாஷிங்டனிடம் 45-31 என்று முடிந்தது. வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸை அன்று நெருக்க ஆளே இல்லை.

மச்சினனுக்கு இந்த வாதத்தை நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். "அப்போ 12-ல வில் மெக்டொனால்டை எடுத்திருக்கணும்னு சொல்லுங்க அத்தான்" என்கிறான். மெக்டொனால்டு 2024-இல் ஜெட்ஸுக்காகப் பத்தரை சாக் எடுத்தவர். நான் அப்படிச் சொல்லவில்லை. கேம்பலை எடுத்த 18-க்கு முன்பே மெக்டொனால்டு போய்விட்டார், வான் நெஸும் போய்விட்டார். எட்ஜ் ஆட்டக்காரர் வேண்டுமென்றால் அந்த 34-இலோ, அதற்குக் கீழேயோ தேடியிருக்க வேண்டும். 34-இல் லபோர்ட்டாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. ஆகவே என் விரல் 2024-இன் 61-ஆவது பிக்கை நோக்கித்தான் நீளுகிறது. 24-இல் டெரியன் ஆர்னால்டு என்ற கார்னர் கைக்கு வந்த பிறகும், அங்கே இன்னொரு கார்னராக எனிஸ் ரேக்ஸ்ட்ராவை எடுத்தார்கள். ஹட்சின்சன் அன்று நலமாக இருந்தார், கால் முறியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே ஒரு ஆளை நம்பி ஒரு பக்கம் நிற்கிறது என்பது ஏப்ரலிலேயே தெரிந்த விஷயம்.