மிச்சமான கிலோமீட்டர்

நான் போட்ட முதல் ரூட் பிளானில் ஒரு குட்டியானை மினி லாரி காலையில் வால்பாறைக்கு ஏறி நாலு கடைக்குச் சரக்கு இறக்கும். அப்படியே உடுமலைக்குப் போய் மீதியை முடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கோயம்புத்தூர் குடோனுக்குத் திரும்பிவிடும். ஸ்கிரீனில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ட்ரிப் ஷீட்டை வாங்கிய மூத்த டிரைவர், அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருதடவை பார்த்தார்.

"தம்பி, வால்பாறையில இருந்து நேரா உடுமலைக்கு நானும் இருவது வருசமா வழி தேடிட்டு இருக்கேனுங்க. இருந்தாச் சொல்லுங்க, போயிட்டு வந்தர்றேன்."

நடுவில் ஆனைமலை நிற்கிறது. 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வந்தால்தான் உடுமலைப் பக்கம் திரும்பவே முடியும். எனக்கு அது தெரியாமல் இல்லை. வால்பாறைக்கு இரண்டு முறை டூர் போயிருக்கிறேன். ஆனால் கணக்குக்குள் நான் கொடுத்திருந்தது கடைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும். ரோட்டுத் தூரத்தை மேப் கம்பெனியிடம் வாங்கக் காசு கேட்பார்கள் என்று, நேர்க்கோட்டுத் தூரத்தை 1.3-ஆல் பெருக்கிப் போட்டிருந்தேன். சூலூர், பல்லடம் பக்கம் அது ஓரளவு சரியாக வரும். மலைக்கு வராது.

எங்கள் குடோனுக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டதற்குக் காரணம் வரி. ஜிஎஸ்டிக்கு முன்னால் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி விழும். சொந்த குடோனுக்குச் சரக்கை மாற்றினால் அது விழாது. அதனாலேயே கம்பெனிகள் தேவை இருக்கிறதோ இல்லையோ, மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. 2017 ஜூலை 1-க்குப் பிறகு அந்தக் காரணம் போய்விட்டது, வாளையார் வணிகவரி செக்போஸ்ட்டும் போய்விட்டது. பாலக்காட்டில் இருந்த எங்கள் சின்ன குடோனை மூடி, அந்தக் கடைகளையும் கோவையோடு சேர்த்துவிட்டார்கள். அதுவரை எந்த வண்டி எங்கே போகும் என்பதை டெஸ்பாட்ச் பார்க்கிற அண்ணா ஒரு நோட்டில் எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தார். கடை கூடியதும் நோட்டு போதவில்லை. இருக்கிற வண்டியையும் ஆளையும் வைத்து வேலையைத் திட்டமிடும் கணிதமான ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படித்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

பிரச்சினை பழையது. 1959-இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெட்ரோல் முனையத்திலிருந்து பல பெட்ரோல் பங்க்குகளுக்கு டேங்கர்களை எப்படிப் பிரித்து அனுப்புவது என்று எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்குத் தொடக்கம். 20 கடை என்றால் போகக்கூடிய வரிசைகள் சுமார் 24,000 கோடி கோடி. நொடிக்கு 100 கோடி வரிசைகளைப் பார்க்கிற கம்ப்யூட்டர்கூட எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 77 வருடம் ஆகும். அதனால் யாரும் அப்படி எண்ணிப் பார்ப்பதில்லை. 1964-இல் கிளார்க், ரைட் என்ற ஆய்வாளர்கள் சொன்ன வழி இன்றைக்கும் நல்ல தொடக்கம். பொள்ளாச்சிக்கு ஒரு வண்டி, உடுமலைக்கு ஒரு வண்டி எனத் தனித்தனியாகப் போய் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வண்டியில் சேர்த்தால், பொள்ளாச்சியிலிருந்து திரும்பும் 40 கிலோமீட்டரும் உடுமலைக்குப் போகும் 70 கிலோமீட்டரும் இல்லாமல் போகின்றன. நடுவில் ஒரு 30 கூடுகிறது. மிச்சம் 80. எந்த ஜோடியைச் சேர்த்தால் அதிகம் மிஞ்சுகிறதோ அதை முதலில் சேர்க்கவேண்டும், வண்டி நிறையும்வரை இப்படியே போகவேண்டும். டெஸ்பாட்ச் அண்ணாவுக்கு இதை விளக்கியபோது, "இதத்தான நானும் பண்ணீட்டிருந்தேன்" என்றார். உண்மைதான். அவர் 60 கடைக்குச் செய்ததை இது 300 கடைக்குச் செய்தது.

ரோட்டுத் தூரத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டதும் பிளான் உருப்படியானது. இரண்டே மாதத்தில் கிலோமீட்டர் நன்றாகக் குறைந்தது. மேலாளர் தலைமை அலுவலகத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டினார். எனக்கும் ஒரு கைகுலுக்கல் கிடைத்தது.

டிரைவர்கள் மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். புதுசு என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அக்கவுன்ட்ஸ் ஷீட்டைத் தற்செயலாகத் திறந்தபோதுதான் காரணம் புரிந்தது. 'போக்குவரத்துச் செலவுக் குறைவு' என்று என் ஸ்லைடில் இருந்த தொகை இரண்டு வரிகளின் கூட்டல். ஒன்று டீசல். இன்னொன்று டிரைவர் பேட்டா. பேட்டா கிலோமீட்டர் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. நான் குறைத்த ஒவ்வொரு கிலோமீட்டரும் அவர்கள் பையிலிருந்தும் போயிருக்கிறது. அதே நேரம் கடைகளின் எண்ணிக்கையோ ஏறியிருந்தது. ஒரு வண்டிக்கு 18 கடை என்பது 24 ஆகியிருந்தது. கூடுதல் வேலை, குறைந்த காசு. ஸ்லைடு போட்டபோது அந்தத் தொகையை யாரும் பிரித்துக் கேட்கவில்லை. பிரித்துக் காட்டியிருக்க வேண்டியவன் நான்தான்.

அடுத்த வாரம் அந்த மூத்த டிரைவரோடு வண்டியில் ஏறினேன். காலை ஐந்து மணிக்கு லோடுமேன்கள் பெட்டி ஏற்றுவதைப் பார்த்தபோதே ஒன்று உறைத்தது. கடைசிக் கடையின் சரக்கு முதலில் ஏறி உள்ளே போகவேண்டும். முதல் கடையுடையது கதவோரம் நிற்கவேண்டும். என் பிளான் தினமும் வரிசையை மாற்றியதால், தினமும் அவர்கள் ஷீட்டைத் தலைகீழாகப் படித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டி மாறினால் நடுரோட்டில் பாதி வண்டியை இறக்கி ஏற்றவேண்டும்.

பொள்ளாச்சியில் முதல் கடை. அண்ணாச்சி கல்லாவை விட்டு எழவில்லை. வாடிக்கையாளர் மூன்று பேர் நின்றார்கள். பிறகு பில்லை வாங்கி ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துச் சரிபார்த்தார். பிஸ்கட் பெட்டி ஒன்று மூலை நசுங்கியிருந்தது, பிரித்து எண்ணினார். போன வாரத்து டேமேஜைக் கழிக்கச் சொன்னார். அதற்கு டிரைவர் குடோனுக்கு போன் போட்டு அனுமதி வாங்கினார். கடைசியில் பழைய பாக்கியை ஐம்பதும் நூறுமாக எண்ணி, இன்னொரு முறை எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், 34 நிமிடம். என் கணக்கில் கடைக்கு 8 நிமிடம்.

திரும்பி வந்து ஜிபிஎஸ் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தேன். டவுன் ரூட் வண்டிகளெல்லாம் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரமே அதிகம். நான் ஓடுகிற பாதியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறேன். நிற்கிற பாதியை யாரும் கேட்கவும் இல்லை, நானும் பார்க்கவில்லை. வசூலை டிரைவரிடமிருந்து எடுத்து, ஆர்டர் எடுக்க வரும் சேல்ஸ்மேனிடம் கொடுத்தோம். இருநூறு ரூபாய் வரை டேமேஜ் கழிக்க டிரைவருக்கே அதிகாரம் கொடுத்தோம். இதில் கணிதம் ஒரு துளி இல்லை. ஆனாலும் என் அல்காரிதம் மொத்தமாகக் கொடுத்ததைவிட அதிக நேரம் இதில்தான் மிஞ்சியது. சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

மாடலையும் மாற்றினேன். ஒரு வண்டிக்கு ஒரே பகுதி, முடிந்தவரை ஒரே வரிசை. வால்பாறை, ஊட்டி ட்ரிப்புகள் ஒருவர் தலையிலேயே விழாமல் சுற்றி வரவேண்டும். கிலோமீட்டர் கொஞ்சம் ஏறியது. "ஏன் ஏறுது?" என்று மேலாளர் கேட்டார். உடைந்த பெட்டி, திரும்பி வந்த சரக்கு, ஓவர்டைம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டவேண்டியிருந்தது. பேட்டாவைக் கிலோமீட்டரிலிருந்து கடை எண்ணிக்கைக்கும் மலை ட்ரிப்புக்கும் மாற்ற ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஒரு டிரைவர் வேறு டிரான்ஸ்போர்ட்டுக்குப் போய்விட்டார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஏப்ரல் கடைசியில் மூத்த டிரைவர் போன் பண்ணினார்.

"தம்பி, ஊட்டி சீசன் வருதுங்க. ஏறுறது குன்னூரு, எறங்குறது கோத்தகிரின்னு ஒன்வே போட்டுருவாங்க. கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லியிருக்கவில்லை. என் அட்டவணையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கும் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கும் ஒரே எண்தான் இருந்தது. "இப்பச் சொல்லிடறேனுங்ணா" என்று சொல்லிவிட்டு, ஃபைலைத் திறந்தேன்.