டிராக்டருக்கு வியர்த்த கதை

நேற்று ராத்திரி இரண்டரை மணிக்கு எங்கள் டிராக்டர் தானாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. வண்டியில் ஆள் இல்லை. சாவி சாமி மாடத்தில். கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பூம்பாறையில் அந்த நேரத்தில் சத்தம் கேட்டால் காட்டுமாடுதான் என்று மேலத் தெருவில் நாலு பேர் டார்ச்சும் தகர டின்னுமாக ஓடி வந்துவிட்டார்கள். காட்டுமாடு எப்போது ஹாரன் வாங்கியது என்று யாரும் யோசிக்கவில்லை. பெரியம்மா மட்டும் பழனிக்குப் போகிற வேன் வந்துவிட்டதென்று எழுந்து வெந்நீர் போட்டு, குளித்தும் முடித்துவிட்டார்.

அப்பா போய் ஹாரன் பட்டனைக் குத்தினார். கத்தியது. தட்டிக் கொடுத்தார், அப்போதும் கத்தியது. கடைசியில் நான்தான் பேட்டரி கம்பியைக் கழற்றினேன். ஸ்பேனரைத் தேடவே கால் மணி நேரம்.

பத்து நாளாகவே வண்டி மக்கர்தான். செல்ஃப் எடுக்காது. சரிவில் நிறுத்தி, உருட்டி விட்டு ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தோம். பேட்டரி போச்சு என்று அப்பா புதுசும் வாங்கிவிட்டார். பழையது இப்போது அடுப்படியில் அம்மாவுக்கு முக்காலி.

காலையில் கொடைக்கானலில் இருந்து மெக்கானிக் வந்தார். டேஷ்போர்டைச் சுற்றி அப்பா கட்டியிருந்த பாலிதீன் கவர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார், கல்யாண வீட்டில் பரிசுப் பொருள் பிரிப்பதுபோல. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை 2019-ல் வந்தது. அப்பாவின் கையிருப்பு அதற்கெல்லாம் முந்தியது. எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்றுவரை கவருக்குள்தான் இருக்கிறது. டேஷ்போர்டுக்கு உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. செம்புக் கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு.

“அண்ணே, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஓஸ் போட்டு அடிச்சுட்டு, ஈரத்தோட கட்டிடுறீங்க. பகல்ல சூடாகி ஆவியாகுது, ராத்திரி குளிர்ல உள்ளேயே தண்ணியா இறங்குது. பட்டன் சேறும் துருவுமா அமுங்கியே நின்னுக்கிச்சு. உங்க வண்டியில ஹாரனுக்கு பேட்டரியில இருந்தே நேரா ஒயர். சாவி எங்க இருந்தா என்ன?”

அப்பா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் விடவில்லை. “பூண்டைக் கவர்ல கட்டாதே, காத்தாடத் தொங்கவிடுன்னு முப்பது வருஷமா எனக்குப் பாடம் எடுத்தீங்களே.”

செல்ஃப் எடுக்காததற்குக் காரணம் கிளட்ச் பெடலுக்கு அடியில் இருந்த ஒரு குட்டி சுவிட்ச். கிளட்ச்சை மிதித்துவிட்டார்கள் என்று அது சொன்னால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். அதன்மேல் ஒரு விரற்கடை சேறு. புது பேட்டரிக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மெக்கானிக் களிம்பைச் சுரண்டி, துடைத்துக் காயவைத்தார். இணைப்புகளின் ரப்பர் ஓரத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவினார். பழைய சைக்கிள் டியூபை வெட்டி சுவிட்ச்சுகளுக்குத் தொப்பி மாட்டினார், அடிப்பக்கம் திறந்தபடி. ஒயர்களைக் கீழே வளைத்துவிட்டார், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடுமாம். “டேஷ்போர்டை ஈரத்துணியால துடைச்சாப் போதும்ணே. மேல கொட்டகை இருக்கட்டும், சுத்திக் கட்டாதீங்க. அதுவும் மூச்சு விடணும்ல.”

சாயங்காலம் மேகம் இறங்கியதும் என் குரங்குக் குல்லாவைக் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டுக் கொட்டகைக்குப் போனால், அது ஸ்டீயரிங் நடுவில், ஹாரன் பட்டனுக்கு மேல், காது மடல் வரை இழுத்துவிட்டு மாட்டியிருந்தது. அப்பா பக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“கம்பளிதான்டா. காத்து போகும்.”